அரசன் செலவு, அரசன் ஆயர்: ‘பதுரவாதோ’ என்றால் என்ன?

1514 மார்ச் மாதம் ரோம் நகரத் தெருவில் ஒரு யானை ஊர்வலம் போனது. இந்தியாவில் பிடித்து, கப்பலில் லிஸ்பன் கொண்டுபோய், அங்கிருந்து இத்தாலிக்கு அனுப்பிய யானை. போர்த்துக்கல் அரசர் முதலாம் மானுவேல், போப் பத்தாம் லியோவுக்குக் கொடுத்த பரிசு அது. போப்பின் முன்னால் வந்ததும் மூன்று முறை மண்டியிட்டது. பிறகு தண்ணீரைத் துதிக்கையில் உறிஞ்சிக் கூட்டத்தின் மேல் பீய்ச்சியடித்தது. கர்தினால்களும் தப்பவில்லை. ஹன்னோ என்று பெயர் வைத்து, போப் அதைச் செல்லமாக வளர்த்தார். இரண்டே ஆண்டுதான். 1516 ஜூனில் உடம்புக்கு முடியாமல் போக, மருத்துவர்கள் தங்கம் கலந்த பேதி மருந்து கொடுத்தார்கள். யானை செத்தது. ஓவியர் ரஃபேல் அதன் நினைவாக ஓர் ஓவியம் தீட்டினார் என்பது வரை கதை போகும்.

யானையின் கதையை எல்லோரும் சொல்வார்கள். அதே 1514இல் லியோ, மானுவேலுக்கு எழுதிக்கொடுத்த ஆணை மடல்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு. போர்த்துக்கல் கடல் கடந்து பிடித்த நாடுகளில் உள்ள தேவாலயப் பதவிகளுக்கு ஆள் சொல்லும் உரிமை அரசருக்கு உண்டு என்று ஒரு மடல் சொன்னது. முன்பு கொடுத்த சலுகைகள் இந்தியா வரைக்கும், இன்னும் கண்டுபிடிக்காத இடங்களுக்கும் பொருந்தும் என்று இன்னொரு மடல் சொன்னது. யானைக்குப் பதில் மடல் என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. இந்தப் பேரம் அதற்கு அறுபது ஆண்டு முன்பே தொடங்கிவிட்டது. ஆனால் எது எதற்காகக் கைமாறியது என்பதை யானை நன்றாகவே காட்டிக்கொடுக்கிறது.

இந்த உரிமைக்குப் போர்த்துக்கீசிய மொழியில் உள்ள பெயர், நம் ஊர்க் கத்தோலிக்கர் வாயில் ‘பதுரவாதோ’ ஆயிற்று. ஸ்பெயினில் இதன் உடன்பிறப்புக்குப் ‘பத்ரொனாத்தோ’ என்று பெயர். தமிழில் ‘புரவலர் உரிமை’ என்று சொல்லலாம். உள்ளடக்கம் எளிது. தேவாலயம் கட்டுவது, குருக்களுக்குப் படி அளப்பது, அவர்களைக் கப்பலேற்றி அனுப்புவது எல்லாம் அரசன் செலவு. அதற்கு ஈடாக, ஆயர் (பிஷப்) யார் என்று சொல்வதும் அரசன். போப் அந்தப் பெயரை ஏற்று உறுதிசெய்வார்.

இந்த ஒரு ஏற்பாட்டைப் பிடித்துக்கொண்டால், 15, 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அரசும் மதமும் பேரரசும் எப்படி ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன என்பது ஓரளவு பிடிபடும்.

கட்டியவருக்கு முதல் மரியாதை

புரவலர் உரிமையை அரசர்கள் கண்டுபிடிக்கவில்லை. அது ஊர்த் தேவாலயத்தில் பிறந்த வழக்கம்.

ஆயிரம் ஆண்டு முன்பு ஐரோப்பாவில் ஒரு நிலப்பிரபு தன் நிலத்தில் தேவாலயம் கட்டினால் அது அவருடைய சொத்து. மாவு அரைக்கும் ஆலையைப் போல அதையும் விற்கலாம், பிள்ளைக்கு எழுதிவைக்கலாம். அங்கே பூசை வைக்கும் குரு அவர் வீட்டு ஆள். 11ஆம் நூற்றாண்டில் எழுந்த சீர்திருத்தக்காரர்களுக்கு இது பொறுக்கவில்லை. கடவுளின் வீடு எப்படி ஒரு மனிதனின் சொத்தாகும் என்று கேட்டார்கள். நீண்ட இழுபறிக்குப் பிறகு திருச்சபைச் சட்டம் ஒரு நடுவழி கண்டது. கட்டியவர் இனி உடைமையாளர் இல்லை, ‘புரவலர்’. நிலம் கொடுத்தல், கட்டடம் எழுப்புதல், தொடர்ந்து நடக்க மானியம் வைத்தல் ஆகிய மூன்றும்தான் ஒருவரைப் புரவலர் ஆக்கும் என்று அந்தக் காலச் சட்டம் படித்தவர்கள் லத்தீனில் ஒரு வாய்பாடே வைத்திருந்தார்கள்.

புரவலருக்கு என்ன கிடைக்கும்? குருவின் இடம் காலியானால் அவர் ஓர் ஆளை முன்மொழியலாம். ஆயர் அந்த ஆளைச் சோதித்து, தகுதி இருந்தால் அமர்த்துவார். தேவாலயத்தில் புரவலருக்கு மரியாதையான இருக்கை உண்டு, ஊர்வலத்தில் முன்னிடம் உண்டு, வேண்டுதலில் அவர் பெயர் வரும். நொடித்துப் போனால் அந்தத் தேவாலய வருமானத்திலிருந்து அவருக்குச் சோறு போட வேண்டும் என்றுகூட ஒரு விதி. கோயிலில் பரிவட்டமும் முதல் மரியாதையும் யாருக்கு என்பதில் ஊரே இரண்டுபட்டுப் போவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, இது விளங்குவதில் சிரமம் இல்லை.

ஒரு நுணுக்கத்தை மட்டும் இங்கே மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். முன்மொழிபவர் ஒருவர், அமர்த்துபவர் இன்னொருவர். இரண்டு கையெழுத்து வேண்டும். இரண்டில் எது உண்மையான அதிகாரம், எது வெறும் சடங்கு என்பது, எந்தக் கை வலுவாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பின்னால் நானூறு ஆண்டுச் சண்டையும் இந்த இடைவெளிக்குள்தான் நடந்தது.

போப் ஏன் இறங்கிவந்தார்?

1077 ஜனவரியில் ஜெர்மானிய அரசர் நான்காம் ஹென்றி, இத்தாலியில் கனோசாக் கோட்டை வாசலில் பனியில் மூன்று நாள் வெறுங்காலோடு நின்றார். உள்ளே போப் ஏழாம் கிரகோரி. ஆயரை அமர்த்துவது அரசனா, போப்பா என்ற தகராறில் சபையை விட்டு விலக்கப்பட்ட அரசர், மன்னிப்புக் கேட்டு நின்ற காட்சி அது. (சில ஆண்டுகளிலேயே அதே ஹென்றி படையோடு ரோமுக்கு வந்து கிரகோரியைத் துரத்தினார் என்பதைப் பாடப்புத்தகங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.) 1122இல் வோர்ம்ஸ் நகரில் ஒரு சமரசம் ஆயிற்று. மோதிரமும் ஆயர்க் கோலும் கொடுத்து ஆயரை ஆன்மிகப் பதவியில் அமர்த்துவது திருச்சபை. அந்தப் பதவிக்குரிய நிலத்தையும் உலக அதிகாரத்தையும் கொடுப்பது அரசன்.

அப்படி உயர்ந்து நின்ற போப் பதவி, பிறகு சரிந்தது. 1309 முதல் 1377 வரை போப்கள் ரோமை விட்டு, பிரான்ஸ் அரசனின் நிழல் விழும் அவிஞ்ஞோன் நகரில் குடியிருந்தார்கள். 1378இல் ஒரே நேரத்தில் இரண்டு போப்கள். 1409க்குப் பிறகு மூன்று. எந்த நாடு எந்தப் போப்பை ஏற்பது என்று அரசர்கள் முடிவுசெய்தார்கள். போப்களுக்கு இது எவ்வளவு பெரிய சறுக்கல் என்று பாருங்கள்: அரசனுக்கு மகுடம் செல்லுமா என்று சொல்லிவந்தவர்கள், இப்போது தங்கள் மகுடம் செல்லுமா என்று அரசனிடம் கேட்க வேண்டி வந்தது. கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய ஆயர்கள் பேரவை 1417இல்தான் ஒரே போப்பைத் தேர்ந்தெடுத்து அந்தக் குழப்பத்தை முடித்தது. அத்தோடு தலைவலி தீரவில்லை. போப்பைவிடப் பேரவையே பெரியது என்ற கருத்து ஆயர்களிடையே வேரூன்றியிருந்தது. அதை அடக்கப் போப்களுக்கு அரசர்களின் துணை வேண்டியிருந்தது. அரசர்கள் சும்மா துணை தருவார்களா?

பிரான்ஸ் இதில் நல்ல எடுத்துக்காட்டு. அரசர் முதலாம் பிரான்சுவாவும் அதே லியோவும் போலோஞ்ஞா நகரில் சந்தித்துப் பேசி, 1516இல் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். பிரான்சின் ஆயர்களையும் பெரிய மடங்களின் தலைவர்களையும் இனி அரசர் முன்மொழிவார்; போப் அமர்த்துவார்; பேரவையே பெரிது என்ற பேச்சைப் பிரான்ஸ் விட்டுவிடும்; புதிதாக அமரும் ஆயரின் முதல் ஆண்டு வருமானம் ரோமுக்குப் போகும். பாரிஸ் பல்கலைக்கழகமும் நீதிமன்றமும் கூச்சல் போட்டன. பயனில்லை.

போர்த்துக்கல்லும் ஒரு போர்த்துறவிச் சபையும்

போர்த்துக்கல் இதே இடத்துக்கு வேறு வழியில் வந்தது. சிலுவைப் போர்க் காலத்தில் செல்வம் கொழித்த டெம்பிளர் என்ற போர்த்துறவிச் சபையைப் போப் 1312இல் கலைத்தார். போர்த்துக்கல் அரசர் தினிஸ், அதன் சொத்துகள் வெளியே போகாதபடி, ‘கிறிஸ்துவின் சபை’ என்ற புதுச் சபைக்கு 1319இல் போப்பிடம் அனுமதி வாங்கி, அதன் பேரில் ஏற்றிவைத்தார். நூறு ஆண்டு கழித்து அந்தச் சபையின் நிர்வாகி ஆனவர்தான் ‘கடலோடி’ என்று பின்னால் பெயர் பெற்ற இளவரசர் ஹென்றி. ஆப்பிரிக்கக் கரையோரம் கப்பல் அனுப்பச் சபையின் பணம் உதவியது. போர்த்துக்கீசியப் பாய்மரங்களில் நாம் படங்களில் பார்க்கும் சிவப்புச் சிலுவை, அந்தச் சபையின் சின்னம்.

1452, 1455, 1456 ஆகிய ஆண்டுகளில் வரிசையாக ஆணை மடல்கள் வந்தன. மடலில் ஈய முத்திரை தொங்கும். அந்த முத்திரைக்கான லத்தீன் சொல் ‘புல்லா’, அதுவே மடலுக்கும் பெயர். முதலாவது, முஸ்லிம்களையும் பிற சமயத்தாரையும் தாக்கி, நாட்டைப் பிடித்து, ஆட்களை நிரந்தர அடிமைகளாக்கவும் போர்த்துக்கல் அரசருக்கு அனுமதி கொடுத்தது. இதை மெழுகிச் சொல்ல வழியில்லை. அடிமை வணிகம் தனக்குச் சமயச் சான்று தேடியபோது கையில் கிடைத்த தாள்களில் ஒன்று இது. இரண்டாவது, அந்தக் கரையோர வணிகத்தைப் போர்த்துக்கல்லுக்கு மட்டும் என்று ஒதுக்கியது. இடையில் 1453இல் கான்ஸ்டான்டினோபிள் துருக்கியர் கைக்குப் போயிருந்தது. முஸ்லிம்களோடு போரிடும் எந்த அரசரையும் ரோம் அப்போது அரவணைக்கத் தயாராக இருந்தது. மூன்றாவது மடல், புதிதாகப் பிடிக்கும் நிலங்களில் ஆன்மிக அதிகாரத்தைக் கிறிஸ்துவின் சபைக்கு ‘இந்தியர் வரை’ கொடுத்தது.

ஆண்டைக் கவனியுங்கள்: 1456. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் கால் வைக்க இன்னும் 42 ஆண்டு இருக்கிறது. போர்த்துக்கல் நடுவே தோமார் என்ற சிற்றூரில் இருந்த சபைத் தலைமையகத்துக்கு, பார்த்திராத ஒரு நாட்டின் வருங்காலத் தேவாலயங்கள் எல்லாம் பட்டா ஆகிவிட்டன.

அடுத்த நகர்வு எளிது. சபையின் தலைமைப் பதவியை அரச குடும்பம் விட்டுக்கொடுக்கவே இல்லை. மானுவேல் அரசராகும் முன்பே சபைத் தலைவர். அரசரான பிறகும் அதை வைத்துக்கொண்டார். 1551இல் அந்தப் பதவி நிரந்தரமாக மகுடத்தோடு ஒட்டிக்கொண்டது. ஆக, போப் ஒரு துறவுச் சபைக்குக் கொடுத்தது, சுற்றிக்கொண்டு அரசன் மடியில் விழுந்தது.

ஸ்பெயின்: அதே பாட்டு, இன்னும் உரக்க

ஸ்பெயின் இதே இராகத்தை இன்னும் உரக்கப் பாடியது. காஸ்டிலின் இசபெல்லாவும் அரகோனின் ஃபெர்டினாண்டும் 1469இல் திருமணம் செய்தபோது இரண்டு நாடும் ஒன்றாகிவிடவில்லை. சட்டம் வேறு, நாணயம் வேறு, மன்றம் வேறு. இரண்டுக்கும் பொதுவாக அரசர்கள் கையில் இருந்த கருவிகளில் வலுவானது மதம். 1478இல் போப் நான்காம் சிக்ஸ்டஸ், தங்கள் நாட்டில் மத மீறலைத் தேடித் தண்டிக்கும் விசாரணை மன்றத்துக்கு அதிகாரிகளை அமர்த்தும் உரிமையை அவர்களுக்குக் கொடுத்தார். மன்றம் நடந்த விதத்தைக் கேள்விப்பட்டு 1482இல் அதே போப் கண்டித்து எழுதினார். ஃபெர்டினாண்ட் காரமாகப் பதில் எழுத, போப் பின்வாங்கினார். விசாரணை மன்றம் என்றதும் ரோமின் நெடுங்கை என்று நாம் நினைப்போம். ஸ்பெயினில் அந்தக் கை அரசனுடையது.

1486இல், கிரனாடா இன்னும் முஸ்லிம் சுல்தானிடம் இருக்கும்போதே, அங்கே எழப்போகும் தேவாலயங்களின் புரவலர் உரிமையைப் போப் எட்டாம் இன்னொசென்ட் எழுதிக்கொடுத்தார். 1492 ஜனவரி 2 அன்று கிரனாடா விழுந்தது. மார்ச் 31 அன்று யூதர்கள் மதம் மாற வேண்டும், இல்லையேல் வெளியேற வேண்டும் என்று ஆணை. அக்டோபரில் கொலம்பஸ் கரீபியன் தீவில் இறங்கினார். மறு ஆண்டே, வலென்சியா நாட்டில் பிறந்த போப் ஆறாம் அலெக்சாண்டர், அட்லாண்டிக் கடலில் ஒரு கோடு போட்டு மேற்குப் பக்கத்தை ஸ்பெயினுக்கு ஒதுக்கினார். போர்த்துக்கல் முணுமுணுத்தது, 1494இல் தோர்தெசில்லாஸ் உடன்படிக்கையில் இரண்டு அரசுகளும் தாங்களே பேசி அந்தக் கோட்டை இன்னும் மேற்கே தள்ளிக்கொண்டன. போப்பின் கோட்டையே பேரம்பேசி மாற்றிக்கொள்ளும் நிலை.

1501இல் அமெரிக்க நிலங்களின் தசமபாகம், அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை, அரசுக்கு என்றானது. அங்கே தேவாலயங்களை நடத்துவது அரசின் பொறுப்பு என்பது நிபந்தனை. 1508இல் போப் இரண்டாம் ஜூலியஸ், அங்கே எந்த ஆயர் பதவிக்கும் முன்மொழியும் உரிமையையும், அரசரின் சம்மதம் இல்லாமல் பெரிய தேவாலயம் எழக்கூடாது என்ற உரிமையையும் கொடுத்தார். நாளடைவில் ரோமிலிருந்து வரும் மடல் எதுவானாலும், இந்திய விவகார அவை என்று பெயர்பெற்ற அரசவை பார்த்து ஒப்பாமல் அமெரிக்காவுக்குப் போக முடியாது என்றானது. அமெரிக்காவைத்தான் அவர்கள் ‘இந்தியா’ என்றார்கள். கொலம்பஸின் பிழை சட்டப் பெயராகவே நின்றுவிட்டது.

இந்த அதிகாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1537இல் போப் மூன்றாம் பால், அமெரிக்கப் பூர்வகுடிகள் பகுத்தறிவுள்ள மனிதர்கள், அவர்களுடைய சுதந்திரத்தையும் சொத்தையும் பறிக்கக் கூடாது என்று மடல் எழுதினார். அவர்களை அடிமையாக்குவோர் சபையை விட்டு விலக்கப்படுவர் என்ற தண்டனையைத் தனி மடலில் சேர்த்தார். தன்னைக் கேட்காமல் தன் புரவலர் நிலத்தில் தண்டனை அறிவிப்பதா என்று ஸ்பெயின் அரசருமான பேரரசர் ஐந்தாம் சார்லஸ் பிடித்துக்கொண்டார். மறு ஆண்டே தண்டனை மடல் திரும்பப் பெறப்பட்டது. போப்பின் போதனை நின்றது. அதன் பல் பிடுங்கப்பட்டது.

ஆனால் அதே சார்லஸ்தான், பூர்வகுடிகளுக்காக வாழ்நாள் முழுக்க வாதாடிய பார்த்தொலொமே த லாஸ் காசாஸைச் சியாப்பாஸின் ஆயராக முன்மொழிந்தார். 1542இல் அடிமை முறைக்கு எதிரான புதுச் சட்டங்களையும் போட்டார். புரவலர் உரிமை என்றாலே கொடுமை என்று கட்டம் கட்டுவோருக்கு இது இடறும். அரசன் நினைத்தால் நல்லவரையும் அனுப்ப முடிந்தது. அரசன் நினைக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிரியாதவர்களும் பிரிந்தவர்களும்

இங்கே கொஞ்சம் விலகி, என் சொந்தக் கணிப்பு ஒன்றைச் சொல்கிறேன். மதச் சீர்திருத்தக் காலத்தில் எந்த அரசர் ரோமை விட்டுப் பிரிந்தார், யார் பிரியவில்லை என்பதற்கு இறையியல் ஒரு காரணம். கையில் ஏற்கெனவே என்ன இருந்தது என்பது இன்னொரு காரணம். பிரான்சுவாவிடம் ஆயர் நியமனம் இருந்தது. ஸ்பெயின் அரசரிடம் நியமனம், தசமபாகம், விசாரணை மன்றம், சிலுவைப் போர் மடல்களை விற்ற பணம் எல்லாம் இருந்தன. இவர்கள் பிரிந்து போய்ப் புதிதாக எதைச் சம்பாதிக்கப்போகிறார்கள்?

இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றியைப் பாருங்கள். 1521இல், ரோமை எதிர்த்துக் கிளம்பிய ஜெர்மானியத் துறவி லூத்தரைத் தாக்கி நூல் வெளியிட்டு, ‘விசுவாசக் காவலர்’ என்ற பட்டத்தை லியோவிடம் வாங்கியவர். அவர் வேண்டியது மணமுறிவு. ஆனால் மனைவி கேத்தரின், சார்லஸின் சித்தி. அந்தச் சார்லஸின் படை, சம்பளம் கிடைக்காத ஆத்திரத்தில் 1527 மே மாதம் ரோமையே சூறையாடி, போப் ஏழாம் கிளமென்ட்டைக் கோட்டைக்குள் அடைத்துவைத்திருந்தது. அந்தப் போப்பால் ஹென்றிக்கு எப்படிச் சம்மதம் சொல்ல முடியும்? 1534இல் ஹென்றி, இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தானே தலைவர் என்று சட்டம் போட்டார். அடுத்த சில ஆண்டுகளில் மடங்களின் சொத்து முழுதும் அரசுக்கு வந்தது. மற்றவர்கள் பேரம் பேசி வாங்கியதை அவர் பறித்துக்கொண்டார்.

ஜெர்மனியில் 1555இல் ஆக்ஸ்பர்க் உடன்பாடு, நாட்டு இளவரசர் கத்தோலிக்கரா லூத்தரனா என்பதே குடிமக்களின் மதத்தையும் முடிவுசெய்யும் என்றது. பிடிக்காதவர்கள் சொத்தை விற்றுக்கொண்டு வெளியேறலாம். மாட்ரிட், பாரிஸ், லண்டன், லூத்தரன் நாடுகள் என்று எங்கே பார்த்தாலும் பாதை வேறு, திசை ஒன்று: தேவாலயத்தின் சாவிக்கொத்து அரண்மனைக்கு வந்துகொண்டிருந்தது.

அரசிக்குச் செருப்புப் பணம்

பதுரவாதோ தரையில் எப்படி நடந்தது என்பதைப் பார்க்க முத்துக்குளித்துறைக்கு வரலாம். தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு என்று நீளும் அந்தக் கரையில் பரவர்கள் 1535-37 வாக்கில் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றார்கள். முத்துக்குளிப்பில் நேர்ந்த கடும் மோதலில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைத் தேடியதும் அதற்கு ஒரு காரணம். அரசனின் கப்பல் பாதுகாப்பும் அரசனின் மதமும் ஒன்றாகவே வந்தன.

1534இல் கோவா ஒரு மறைமாவட்டம், அதாவது ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதி, ஆயிற்று. அதன் எல்லை எதுவரை என்று கேட்டால் வியப்பீர்கள்: ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து சீனம் வரை. பிரான்சிஸ் சவேரியார் 1541 ஏப்ரலில் லிஸ்பனிலிருந்து புறப்பட்டார். அவரை அனுப்பக் கேட்டவர் அரசர் மூன்றாம் ஜோவான், போன கப்பல் அரசனுடையது. இந்தியாவுக்கு வரும் குரு இத்தாலியரோ ஜெர்மானியரோ, அவர் லிஸ்பன் வழியாக, அரசரின் அனுமதியோடுதான் வர வேண்டும்.

பரவர்கள் ஆண்டுதோறும் 4,000 பணம் போர்த்துக்கீசிய அரசி கத்தரீனாவின் செருப்புச் செலவுக்கென்று செலுத்திவந்தார்கள். ‘செருப்புப் பணம்’ என்பது அரச மகளிருக்கு ஒதுக்கும் வருவாய்க்கு அந்த நாட்டில் இருந்த வழக்குப் பெயர். அதை ஊர்ப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியார்களின் சம்பளத்துக்கு விட்டுக்கொடுக்கும்படி சவேரியார் கேட்டார், அரசியும் கொடுத்தார். இதில் அரசியின் தாராளம் தெரிகிறது, சரி. ஆனால் பணம் எங்கிருந்து கிளம்பியது? முத்துக்குளித்துறையில். எங்கே திரும்பி வந்தது? முத்துக்குளித்துறைக்கு. நடுவில் அரசி பெயர் ஒட்டிக்கொண்டது. அரசர்கள் தேவாலயத்துக்குச் செலவு செய்தார்கள் என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் செருப்புதான் நினைவுக்கு வரும்.

சாவி இரண்டானபோது

கோவாவுக்கு அடுத்துக் கொச்சி, மலாக்கா, மக்காவ் என்று மறைமாவட்டங்கள் பிறந்தன. 1606இல் மயிலாப்பூர், அதாவது சாந்தோம். இங்கேதான் சிக்கல் முற்றுகிறது. சாந்தோம் போர்த்துக்கீசியர் குடியிருந்த சிறு துறைமுகம். அதன் ஆயருக்கு எழுதிவைத்த பரப்போ வங்கம் வரை. மதுரையில் நாயக்கர் ஆட்சி. ஒரு அடி நிலம்கூட ஆளாத நாட்டில் போர்த்துக்கல் அரசன் எப்படி ஆயரை முன்மொழியலாம்? உரிமை நிலத்தின்மீதா, ஆட்களின்மீதா? மடலை எழுதியபோது யாரும் யோசிக்காத கேள்வி.

போர்த்துக்கல்லின் கை தளர, ரோம் விழித்துக்கொண்டது. 1622 ஜனவரியில் போப் பதினைந்தாம் கிரகோரி, மறைப்பணிக்கென்று ‘புரொப்பகாந்தா’ என்ற தலைமைச் செயலகத்தை ரோமிலேயே நிறுவினார். ஆனால் முன்பு கொடுத்த மடல்களைக் கிழித்துப் போட முடியாது. அதனால் ஒரு சட்டத் தந்திரம் செய்தார்கள். புதிய மறைமாவட்டம் உண்டாக்கினால்தானே புரவலர் பெயர் சொல்வார்? உண்டாக்கவே வேண்டாம். எப்போதோ அழிந்துபோன ஓர் ஊரின் பெயரில் ஒருவருக்கு ஆயர் பட்டம் கொடுத்து, போப்பின் பதிலாள் என்று இந்தியாவுக்கோ சீனாவுக்கோ அனுப்புவது. கிரிசோபொலிஸ் என்ற பழைய ஊரின் பட்டத்தோடு 1637இல் ஆயரானவர் மத்தேயுஸ் த காஸ்த்ரோ. கோவாவில் பிறந்த பிராமணக் கிறிஸ்தவர். அங்கே குருப்பட்டம் மறுக்கப்பட்டு, ரோம் போய் வாங்கியவர். அவரைக் கண்டாலே கோவாவின் போர்த்துக்கீசிய மேலிடத்துக்கு ஆகாது.

இடையில் ஸ்பெயின் அரசரின் ஆட்சிக்குக் கீழே போயிருந்த போர்த்துக்கல், 1640இல் பிரிந்தது. ஸ்பெயினுக்கு அஞ்சிய போப்கள், லிஸ்பனின் புது அரசரை 1668 வரை ஏற்கவில்லை. ஏற்காத அரசர் முன்மொழிந்த ஆயரை எப்படி உறுதிசெய்வது? இரண்டு கையெழுத்து முறையின் பலன் இது. ஆயர் பீடங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகி, ஆண்டுக்கணக்கில் காலியாகவே கிடந்தன. புரொப்பகாந்தாவின் ஆட்கள் அந்த இடைவெளியில் நுழைந்தார்கள். சென்னையில் ஆங்கிலேயர் கோட்டைக்குள் மறைப்பணி செய்த பிரெஞ்சுக் கப்புச்சின் துறவி எஃப்ரெமை, 1649இல் சாந்தோம் போர்த்துக்கீசியர் பிடித்துக் கோவா விசாரணை மன்றத்துக்கு அனுப்பினார்கள். இரண்டு தரப்பும் கத்தோலிக்கர்.

பிறகு இரு நூற்றாண்டு, ஒரே ஊரில் ‘பதுரவாதோ’ கோயில் ஒன்று, ‘புரொப்பகாந்தா’ கோயில் ஒன்று என்று தமிழ்நாட்டில் பங்குகள், அதாவது ஊர்ச் சபைகள், பிளந்தன. 1838இல் போப் மயிலாப்பூர், கொச்சி உள்ளிட்ட இடங்களில் போர்த்துக்கல்லின் அதிகாரம் முடிந்தது என்று அறிவிக்க, பதுரவாதோ தரப்பு ஏற்க மறுத்தது. 1886இல் ஓர் உடன்படிக்கை. மயிலாப்பூர் மறுபடி போர்த்துக்கல் பக்கம்.

1910 அக்டோபரில் லிஸ்பனில் புரட்சி. யானை அனுப்பிய அரசரின் பெயரையே கொண்டிருந்த கடைசி அரசர் இரண்டாம் மானுவேல் கப்பலேறித் தப்பினார். புதிய குடியரசு மதத்துக்கும் அரசுக்கும் உறவில்லை என்று அடுத்த ஆண்டே சட்டம் போட்டது. ஆனால் கிழக்கில் உள்ள புரவலர் உரிமையை மட்டும் விடவில்லை. அரசனும் இல்லை, அரசு மதமும் இல்லை, ஆனால் மயிலாப்பூர் ஆயர் விஷயத்தில் லிஸ்பனுக்கு வாய் உண்டு. 1928இல் புதுப்பித்த ஏற்பாட்டின்படி, ஆயர் பெயரைப் போப் போர்த்துக்கல் குடியரசுத் தலைவரிடம் சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது.

இந்தியா விடுதலை பெற்ற பிறகு, 1950 ஜூலையில், போர்த்துக்கல் தனக்கு இந்திய நாட்டில் மீந்திருந்த புரவலர் உரிமையை விட்டுக்கொடுத்தது. அதுவரை சென்னை நகருக்குள் சில கல் தொலைவில் இரண்டு கத்தோலிக்கத் தலைமைகள் இருந்தன: புரொப்பகாந்தா வழிவந்த சென்னைப் பேராயர் ஒருவர், பதுரவாதோ வழிவந்த மயிலாப்பூர் ஆயர் ஒருவர். 1952இல் இரண்டையும் இணைத்து, ‘சென்னை-மயிலை உயர்மறைமாவட்டம்’ ஆக்கினார்கள். அந்தப் பெயரின் நடுவில் உள்ள சிறு கோடு, ஒட்டுப்போட்ட இடம்.